அமெரிக்கத் துரை வீட்டு டிரங்குப் பெட்டியைப் பிரிப்பவர்களுக்கு

போன மாசியில் நாயுடுபுரத்துத் தம்பி ஒருவன் ஆட்டோவில் ஒரு டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். புதிதாக வாங்கிய பழைய வீட்டின் பரணில் கிடந்ததாம். மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசமும் பூஞ்சை வாசமும் கலந்து மூக்கில் ஏறியது. உள்ளே ஐம்பதுகள், அறுபதுகளின் அமெரிக்கப் பத்திரிகைகள், தபாலில் சாமான் விற்கும் கடையின் தலையணை கனக் கேட்லாக் ஒன்று, ஒரு டப்பா ஸ்லைடு.

"ஐயா, இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்?"

"விலையைக் கடைசியில சொல்றேன். இதை எப்படிப் பார்க்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கோடைக்கானலில் இந்த மாதிரிப் பெட்டிகள் இன்னும் பல பரண்களில் இருக்கின்றன.

ஏன் இங்கே என்று கேட்பவர்களுக்கு: ஊட்டி ஆங்கிலேயர் வளர்த்த மலை, கோடை அமெரிக்க மிஷனரிகள் தேடிக்கொண்ட மலை. மதுரை வெயிலிலும் காய்ச்சலிலும் குடும்பம் குடும்பமாகப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845ல் இங்கே பங்களா கட்டினார்கள். 1901ல் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கப்பலில் வந்து சேர்ந்த பத்திரிகைகள் ஒரு வீட்டில் படித்து, அடுத்த வீட்டுக்குப் போய், கடைசியில் சமையல்கட்டுக்கு வரும். சமையல்கட்டில் என் அப்பா இருந்தார். 1948லிருந்து 1974 வரை ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குப் பட்லர். நான் எழுத்துக் கூட்டியது பள்ளிக்கூடத்தில் என்றாலும், படம் பார்க்கப் பழகியது அலமாரித் தட்டில் விரித்திருந்த 'லைஃப்' பத்திரிகையில்தான்.

பெட்டியைத் திறக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகையில் திறக்காதீர்கள். அந்த மாதங்களில் இங்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துபோகும். வழவழப்பான தாள் ஈரத்தைக் குடித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். ஒட்டியதை நகத்தால் பிரித்தால் ஒரு பக்கத்துத் துரைசானியின் முகம் எதிர்ப்பக்கத்துக் கார் விளம்பரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தையிலிருந்து பங்குனிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போடக் கூடாது. நிழலில், பழைய செய்தித்தாள் மேல், புத்தகத்தைக் கூடாரம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும், மருந்து அடிக்க வேண்டாம்.

இடையில் கடிதம், ரசீது, உலர்ந்த பூ எது இருந்தாலும் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே விடுங்கள். அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அட்டை இல்லாத பத்திரிகைக்கு வயது பார்ப்பது

பெரும்பாலான பெட்டிகளில் அட்டை இருக்காது. கெட்டித் தாள் என்பதால் அலமாரித் தட்டுக்கு முதலில் போவது அதுதான். கவலை வேண்டாம், உள்ளே இருக்கும் விளம்பரங்களே வருஷத்தைச் சொல்லிவிடும்.

முதலில் முகவரிகளைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ இலக்க எண், அப்புறம் மாநிலப் பெயரின் சுருக்கம் என்று இருந்தால் (நியூயார்க் 17 என்கிற மாதிரி) அது 1943க்குப் பிந்தியது. மாநிலத்துக்குப் பின்னால் ஐந்து இலக்கம் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தியது. அந்த மாதம்தான் அங்கே ஜிப் கோடு வந்தது. நமக்குப் பின்கோடு வர 1972 ஆயிற்று.

அடுத்தது கொடி. விளம்பரத்தில், பள்ளிக்கூடப் படத்தில், எங்காவது ஒரு கொடி பறந்துகொண்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து நட்சத்திரங்களை எண்ணுங்கள். எட்டு எட்டு பேராக ஆறு வரிசை நேராக நின்றால் 48, அதாவது 1959 ஜூலை 4க்கு முந்தியது. 50 என்றால் 1960 ஜூலை 4க்குப் பிந்தியது. நடுவில் ஒரே ஒரு வருஷம் 49 நட்சத்திரக் கொடி இருந்தது. அலாஸ்கா சேர்ந்து, ஹவாய்க்கு இடம் வைக்காத கொடி. இத்தனை வருஷத்தில் என் கையில் அது இரண்டு தடவைதான் பட்டிருக்கிறது.

கார் வால். 1948 கேடிலாக்கில் சின்னப் புடைப்பாகத் தொடங்கி, 1959ல் ராக்கெட் இறக்கை அளவுக்கு வளர்ந்து, அப்புறம் சிறுத்துப்போனது. சிகரெட் விளம்பரத்தில் டாக்டர் வெள்ளைக்கோட்டில் நின்றுகொண்டு புகைத்தால் பெரும்பாலும் 1952க்கு முந்தியது. பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் இருந்தால் 1966லிருந்து. பக்கத்துக்குப் பக்கம் சிகரெட்டாக இருந்தால் 1971க்குப் பிந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் அந்த ஜனவரியோடு டெலிவிஷனில் சிகரெட் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள், காசெல்லாம் பத்திரிகைக்குத் திரும்பியது.

'ரீடர்ஸ் டைஜஸ்ட்' என்றால் இன்னும் சுலபம். அமெரிக்கப் பதிப்பில் 1955 ஏப்ரலுக்கு முன் விளம்பரமே கிடையாது. மஞ்சள் விளிம்பு 'நேஷனல் ஜியாகரபிக்' அட்டையில் படம் இருந்தால் பெரும்பாலும் 1959 அல்லது அதற்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 'ஸ்பான்' என்று ஒரு பத்திரிகை கிடைக்கலாம். 1960லிருந்து அமெரிக்க அரசு இந்தியர்களுக்காக இந்தியாவில் அச்சிட்டது. அழகான பத்திரிகை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெருக்கி மெழுகி வைத்த வீடு அது. அன்றாட வாழ்க்கை வேண்டுமென்றால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பத்திரிகையைத்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் நடுப்பக்கத்து வண்ணப்படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாய்பிளக்கிறார்கள். நான் கடைசிப் பக்கங்களிலிருந்து படிப்பேன். கட்டம் கட்டமாகச் சின்ன விளம்பரங்கள் அங்கேதான் இருக்கும்: தபாலில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை விற்றுச் சம்பாதியுங்கள், வழுக்கைக்குத் தைலம். நடுப்பக்கம் ஆசையைக் காட்டும், கடைசிப் பக்கம் கவலையைக் காட்டும். நம் வார இதழ்களின் கடைசிப் பக்கமும் அப்படித்தானே இருந்தது?

விளம்பரத்தில் விலையைத் தேடாதீர்கள், 'மாதம் எவ்வளவு' என்பதைத் தேடுங்கள். போருக்குப் பிந்திய அமெரிக்கா தவணையில் எழும்பிய வீடு. 1944ல் போர் வீரர்களுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். அரசே ஜாமீன் நின்றதால் முன்பணமே இல்லாமல்கூட வீட்டுக்கடன் கிடைத்தது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயலை வாங்கி, 1947லிருந்து லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழு அடித்தளம் போட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே ஒரு குழு சட்டம் நிறுத்தும், அதற்குப் பின்னால் ஒரு குழு பெயின்ட் அடிக்கும். உச்சத்தில் நாளொன்றுக்கு 30 வீடு வரை முடித்தார்கள். மொத்தம் 17,000 வீட்டுக்கு மேல். 1949ல் ஒரு வீடு 7,990 டாலர், துணி துவைக்கும் மெஷினோடு சேர்த்து. 1950 மாடலில் டெலிவிஷனைச் சுவரிலேயே பதித்துக் கொடுத்தார்கள். 1950ல் பத்தில் ஒரு வீட்டுக்குக்கூட டெலிவிஷன் கிடையாது, 1960ல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீட்டில் இருந்தது. பத்திரிகைகளை வருஷவாரியாக அடுக்கினால் இது கண்ணுக்கே தெரியும்: வரவேற்பறைப் படங்களில் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பும்.

நெடுஞ்சாலைப் படங்கள் 1956க்குப் பிறகு மண்டும். 41,000 மைல் சாலைக்கு அந்த வருஷம் சட்டம் போட்டார்கள். ஆறு தடத்தில் கார் மட்டுமே போகிற ஒரு படத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல மாடு எங்கிட்டுடா குறுக்க போகும்?" என்றார். வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர் வேறென்ன கேட்பார்.

அணுகுண்டுப் பயம், பதுங்கு அறை, மேசைக்கடியில் குனியும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் இடையிடையே வரும். 1961 செப்டம்பரில் அதிபர் கெனடியின் கடிதத்தோடு 'லைஃப்' பதுங்கு அறைகளை அட்டைச் செய்தியாக வைத்து ஓர் இதழ் போட்டது. அது கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள், கேட்டு வருகிறவர்கள் உண்டு. கால்களில் இரும்புச் சட்டம் மாட்டிய குழந்தைகளின் படத்தோடு நன்கொடை கேட்கும் பக்கங்கள் இருந்தால், போலியோ தடுப்பூசி வெற்றி என்று அறிவித்த 1955 ஏப்ரலை ஒரு எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

சமையல் பக்கத்தைச் சமைத்துப் பாருங்கள்

இதுதான் என் முக்கியமான யோசனை. சமையல் குறிப்பைப் படித்துவிட்டு நகராதீர்கள், ஒன்றையாவது செய்து பாருங்கள். அப்போதுதான் அந்த வாழ்க்கையின் அடியில் என்ன இருந்தது என்று கைக்குத் தெரியும்.

1955ல் கேம்பெல் சூப் கம்பெனியின் சமையலறையில் டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணி ஒரு குறிப்பை உருவாக்கினார். பீன்ஸ், ஒரு டப்பா காளான் க்ரீம் சூப், பால், சோயா சாஸ், மிளகு. மேலே டப்பா வெங்காய வறுவல். கலந்து, ஓவனில் வைத்து, எடுத்துப் பரிமாற வேண்டியதுதான். இன்றைக்கும் அவர்கள் நன்றிசொல்லும் திருநாளுக்கு அதைச் செய்கிறார்கள்.

எங்கள் துரைசானியம்மாவுக்கு அவருடைய தங்கை அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பியிருந்தார். துரைசானியம்மா ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "வேலை பத்து நிமிஷம்" என்று அவர் சொன்னதும் அப்பா தலையாட்டினார்.

கோடைக்கானலில் பீன்ஸுக்குப் பஞ்சமில்லை. மற்றதைப் பார்ப்போம். காளான் சூப் டப்பா கிடையாது. ஆகவே பாலை முதல் நாளே சொல்லி வைத்து, காய்ச்சி, ஏடு எடுத்து, வெண்ணெயில் மைதாவைக் கருகாமல் வறுத்து, பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்ட வேண்டும். காளான் போட மாட்டார். மழைக்கு முளைத்த எதையும் நம்பாத மனிதர். வெங்காய வறுவல் டப்பாவும் கிடையாது. சின்ன வெங்காயம் ஒரு படி உரிக்க வேண்டும். உரித்தது என்னைப் பெற்ற அம்மாவும் அக்காவும் நானும். மெலிசாக அரிந்து, ஈரம் போகத் துணியில் பரப்பி, இரண்டு தடவை பொரிக்க வேண்டும்.

ஓவன் என்பது ஒரு மண்ணெண்ணெய் டின். அடியில் கரி, மூடிமேல் கரி. குறிப்பில் 350 டிகிரி (ஃபாரன்ஹீட்) என்று இருக்கும். அப்பா ஒரு தட்டில் மைதாவைத் தூவி உள்ளே வைப்பார். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நிதானமாக ஐந்து தரம் சொல்லி முடிக்கும்போது மாவு வெளிர்ப் பழுப்பாக இருந்தால் 350. மூன்றாம் தரத்திலேயே நிறம் மாறினால் மேல் கரியைக் கொஞ்சம் வழிக்க வேண்டும். அளவு விஷயத்திலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கக் கப் ஒன்று ஒன்றரை ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைச்சல். ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்: "கப் 1 = ஆழா 1½ (தலை தட்டி)".

மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கி, விளக்கேற்றும் நேரத்துக்கு மேசைக்குப் போனது. மிச்சத்தை வைக்கக் குளிர்பெட்டி கிடையாது, வலையடித்த அலமாரிதான், நாலு காலும் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். இரவு பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து அப்பா சொன்னார்: "பத்து நிமிசம்னு போட்டுருக்கான். பத்து நிமிசம் அவனுக்கு."

அந்தப் பக்கங்களில் குதிகால் செருப்பும் முத்துமாலையும் போட்டுக்கொண்டு அடுப்பருகே சிரிக்கும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அங்கே அவளுக்கு வேலைக்காரர் கிடையாது, டப்பாவும் மெஷினும் இருந்தன. அதே குடும்பம் இந்த மலைக்கு வந்தபோது டப்பாவும் மெஷினும் கிடையாது, நாங்கள் இருந்தோம். விளம்பரத்தைப் பார்க்கும்போது அந்த வேலையை யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று கேளுங்கள். சூப்பைக் கிண்டிய கை ஒரு தொழிற்சாலையில் இருக்கும். வெங்காயம் உரித்த கை அதற்கும் முன்னால் எங்கோ இருக்கும். படத்தில் மட்டும் இருக்காது.

துரைசானியம்மாவைக் குறை சொல்லவில்லை. நெப்ராஸ்காவில் விவசாயக் குடும்பம் அவருடையது. "என் அம்மா வீட்டுக்குக் கரண்ட் வந்ததே போர் முடிந்த பிறகுதான். இந்தப் படத்துச் சமையல்கட்டை நானும் உன்னை மாதிரி படத்தில்தான் பார்க்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1950களின் அமெரிக்கர்கள் எல்லோரும் அந்த விளம்பரத்துக்குள் குடியிருக்கவில்லை. ஒரு இதழுக்குள் அவருடைய தங்கையின் கடிதம் ஒன்று அகப்பட்டது. துவைக்கும் மெஷின் விளம்பரம் இருந்த பக்கத்திலேயே வைத்திருந்தார். மெஷின் நன்றாக ஓடுகிறது, தவணை இன்னும் 11 மாதம் பாக்கி, அதுவரை திரைச்சீலை வாங்கப்போவதில்லை என்று எழுதியிருந்தது. விளம்பரத்தையும் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு வீடு. (கடிதம் கிடைத்தால் விற்காதீர்கள். குடும்பத்துக்கு அனுப்பப் பாருங்கள். நான் அனுப்பிவிட்டேன்.)

எங்களுக்கு நேரே வந்து சேர்ந்த அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே விளைச்சல் கொட்டிக்கிடந்தது, விலை விழாமல் இருக்க அரசு வாங்கிக் குவித்தது, 1954ல் பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் கப்பலேற்றினார்கள். பள்ளிக்கூட மதிய உணவில் எனக்குக் கிடைத்த பால் பவுடரும் கோதுமை ரவை உப்புமாவும் அப்படி வந்தவை. மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். தம்ளரில் அடியில் கட்டி நிற்கும் அந்தப் பாலின் வாசம் என் வயதுக்காரர்களுக்கு இன்னும் மறக்காது. சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களில் தள்ளுவண்டி நிரம்பி வழிவதைப் பார்க்கும்போது, அந்த வழிசலின் ஒரு துளி எங்கள் தட்டுக்கு வந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாங்கும் பழக்கம் மட்டும் எங்களுக்குப் புதிதல்ல. பூம்பாறை, மன்னவனூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்து அதைத்தான் செய்கிறார்கள், காரும் குளிர்பெட்டியும் இல்லாமல்.

யார் இல்லை என்று எண்ணுங்கள்

ஒரு இதழை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விளம்பரத்தில் வரும் முகங்களை எண்ணுங்கள். வெள்ளையர் எத்தனை, கறுப்பினத்தவர் எத்தனை. 1950களின் பெரிய பத்திரிகைகளில் பல இதழ்களில் இரண்டாவது கணக்கு பூஜ்யம். வந்தால் ரயிலில் பெட்டி தூக்குபவராக, சமையல்காரராக. என் அப்பா அந்தப் படங்களில் தன் தொழில்காரரைத் தேடுவார். "இந்தா இருக்கான் பாரு" என்று ஒரு மாவு டப்பா மேல் விரலை வைப்பார்.

மேலே சொன்ன லெவிட்டவுனைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டு ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள், வேலைக்காரராக இருந்தால் பரவாயில்லையாம். அதே போரில் சண்டை போட்டுத் திரும்பிய கறுப்பின வீரருக்கு அரசு ஜாமீன் காகிதத்தில் இருந்தது, கடன் கொடுக்கும் வங்கியும் வீடு விற்கும் ஆளும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் புல்தரைப் படங்களில் யாரும் இல்லாமல்போனது தற்செயலாக நடந்ததல்ல.

முடிந்தால் பக்கத்தில் ஒரு 'எபனி' இதழை வைத்துப் பாருங்கள். 1945 நவம்பரில் சிகாகோவில் தொடங்கிய கறுப்பின மக்களின் பத்திரிகை. அதே குளிர்பெட்டி, அதே கார், அதே சிரிப்பு, முகம் மட்டும் வேறு. கோடைக்கானல் பெட்டிகளில் அது அரிது. எனக்குக் கிடைத்தது மொத்தம் மூன்று.

செய்திப் பக்கங்களில் 1955 டிசம்பரிலிருந்து மான்ட்கமரி ஊர் பஸ் படங்கள் வரத் தொடங்கும். முன்னிருக்கை வெள்ளையருக்கு என்ற விதியை எதிர்த்து 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. 1960 பிப்ரவரி 1ல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் உல்வொர்த் கடைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அதே கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம், நோட்டு வாங்கலாம், உட்கார்ந்து காபி மட்டும் குடிக்கக் கூடாது. ஜூலை கடைசியில்தான் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் படங்களுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. மார்ட்டின் லூதர் கிங்கே 1959 பிப்ரவரியில் நம் பக்கம் வந்தபோது காந்திகிராமத்துக்கு வந்துபோனார். கோடைக்கானலிலிருந்து இறங்கி, வத்தலக்குண்டு தாண்டினால், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர்.

அப்பாவுக்கு அந்த வீட்டில் தனியாக ஒரு எனாமல் குவளை இருந்தது. வெள்ளை, நீல விளிம்பு, கைப்பிடிக்குக் கீழே சில்லு பெயர்ந்தது. யாரும் அதை விதி என்று சொல்லியதில்லை, அதுவாகவே ஆணியில் தொங்கியது. அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "நம்ம ஊர்ல எனக்குச் சிரட்டைடா" என்றார், பேச்சு அதோடு முடிந்தது.

ஸ்லைடு டப்பா

ஸ்லைடுகளைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பார்க்காதீர்கள், கண் கெடும். ஜன்னலுக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, அதற்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அட்டைச் சட்டத்தில் கோடாக்ரோம் என்று இருந்தால் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், இருட்டில் கிடந்த கோடாக்ரோம் அறுபது வருஷம் கழித்தும் மங்குவதில்லை. வேறு வகை என்றால் சிவந்துபோயிருக்கலாம். சில சட்டங்களில் மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். அது பிலிம் கழுவிய தேதி, படம் எடுத்த தேதி அல்ல. கழுவுவதற்குத் தபாலில் தூரதேசம் போய்வர வேண்டியிருந்ததால் சில மாதம் தள்ளிக் கணக்கிடுங்கள். சட்டத்தை உரிக்காதீர்கள், விரல்ரேகை படாமல் ஓரத்தைப் பிடியுங்கள்.

பத்திரிகையைப் பார்த்ததற்கு நேர் எதிராக இதில் ஓரங்களைப் பாருங்கள். விளம்பரப் படத்தில் ஓரத்தில் எதுவும் தப்பி வராது, துடைத்துத்தான் அச்சிடுவார்கள். வீட்டு ஸ்லைடில் எல்லாம் தப்பி வரும். ஒரு பிறந்தநாள் கேக், சுற்றிலும் காகிதத் தொப்பி போட்ட நாலு பிள்ளைகள், பின்னால் சில்வர் ஓக் மரம். வலது ஓரத்தில் தட்டு ஏந்திய ஒரு கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கும். கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு. அரிவாள்மனைக் காயம், அதை எனக்குத் தெரியும்.

விலை

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'லைஃப்' வாராவாரம் பல லட்சம் பிரதிகள் அச்சான பத்திரிகை, 1972 கடைசியில் நின்றது. ஆகவே பழசு என்பதற்காகவே யாரும் அள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள். சீசனில் வருகிறவர்கள் கார் விளம்பரப் பக்கத்தை ஃப்ரேம் போட வாங்குவார்கள். பக்கத்தை வெட்டி விற்றால் காசு கூட, மனசு கேட்டால் செய்யுங்கள், நான் செய்வதில்லை. கேட்லாக் முழுசாக இருந்தால் அதைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் உள்பாவாடையிலிருந்து உழவு மெஷின் வரை என்ன விலைக்கு வாங்கியது என்று அதைவிட நேர்மையாக எதுவும் சொல்லாது. பூஞ்சை பிடித்ததை நல்லதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கடைசியாக, பென்சில் குறிப்புகள். கடை ஆரம்பித்த புதிதில், 1989 என்று ஞாபகம், ஏரிப் பக்கம் தங்கியிருந்த ஒருவர் சமையல் பக்கங்கள் உள்ள இதழ்களாக வேண்டும், ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். என்னிடம் ஐந்து இதழ்கள் இருந்தன. இரவு உட்கார்ந்து ஓரங்களில் இருந்த பென்சில் கிறுக்கலையெல்லாம் ரப்பர் போட்டு நிதானமாக அழித்தேன். வெளிச்சம் போதவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஐந்தும் நாற்பது ரூபாய்க்குப் போயின. நான்கு நாள் கழித்து, ஸ்டூலுக்கடியில் விழுந்து கிடந்த ஒரு தனித்தாளை எடுத்தேன். அழிக்காமல் தப்பியது அது ஒன்றுதான். பீன்ஸ் படம். ஓரத்தில் "ஆழா 1½ (தலை தட்டி)". அதற்குக் கீழே "சங்கீ 23 - 5 தரம்".

தம்பியின் பெட்டியில் இருந்த இதழ்களிலும் சில ஓரங்களில் பென்சில் இருந்தது. வேறு ஆள் கையெழுத்து, வேறு வீட்டுக் கணக்கு. படி, உழக்கு எல்லாம் இருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு விலை பேசினேன்.